சீர்த்தட்டில் வந்த வீடியோ கேம்

போன மாதம் மகளோடு தேனியில் ஒரு கார்ட்டூன் படத்துக்குப் போயிருந்தேன். நம் காலத்து வீடியோ கேம் ஒன்றைப் படமாக எடுத்திருக்கிறார்களாம், குடும்பத்தோடு பார்க்கலாமாம், அவளுடைய வகுப்பே பார்த்துவிட்டதாம். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு குட்டி ஆள் ஓடுகிறான், குதிக்கிறான், விழுகிறான், மறுபடி எழுந்து ஓடுகிறான். உடைந்துகொண்டே வரும் ஒரு பாலத்தை அவன் தாண்டுகிற இடத்தில், பழைய விளையாட்டின் ‘டொய்ங்’ சத்தத்தை அப்படியே வைத்திருந்தார்கள். தியேட்டரே சிரித்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

“எதுக்கும்மா அழுகுற? அவன் சாகல, திரும்ப வந்துருவான்” என்றாள் மகள்.

மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். நாற்பதை நெருங்கும் ஒருத்தி, ஊரில் நாலு பேர் ‘மேடம்’ என்று கூப்பிடுகிற வேலையில் இருப்பவள், மடியில் பாப்கார்னை வைத்துக்கொண்டு பொம்மைப் படத்துக்கு அழுதால் அது வெட்கக்கேடுதான். என்ன செய்வது, அந்த விளையாட்டும் வெட்கமும் என் விஷயத்தில் ஒன்றாகவே வந்து சேர்ந்தவை.

அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு ஏலக்காய் மணக்கும். சொன்னால் சிரிப்பீர்கள். அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் ஜீப் ஓட்டினார். அவர் சட்டையில் டீசலும் ஏலக்காயும் சரிபாதி மணக்கும். வீடு கடமலைக்குண்டில். முழுப்பரீட்சை லீவுக்கு நான் அங்கேதான் போவேன். கடைவீதியில் ஒரு கேசட் கடை இருந்தது. அதன் பின்னறையில் டிவியில் வீடியோ கேம் செட்டை மாட்டி, மணிக்கணக்கில் வாடகைக்கு ஆட விடுவார்கள். பையன்கள் ஈ மொய்க்கிற மாதிரி மொய்ப்பார்கள். பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. நான் மட்டும் போனேன், மாமா அழைத்துக்கொண்டு போனதால்.

“ஏலே, தள்ளுங்கடா அங்கன. என் மருமக ஆடப் போறா.”

நான் ஆடுவேன். மாமா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். திரையில் பள்ளம் வந்தால் அவருடைய வலது கால் தரையை ஓங்கி அழுத்தும். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்குப் பள்ளம் என்றால் பிரேக்தான். பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். உடைகிற பாலம் வரைக்கும் தட்டுத்தடுமாறிப் போய்விடுவேன். அதற்கு மேல் ஒரு நாளும் போனதில்லை. “விடுத்தா, அடுத்த லீவுக்குப் பாத்துக்கிருவோம்” என்பார்.

அடுத்த லீவு வருவதற்குள் நான் பெரியவளாகிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்துதான் குச்சு கட்டவேண்டும். பச்சை ஓலையை முடைந்து வீட்டோரமாக ஒரு சின்னக் கூடு, அதற்குள் பெண்ணைத் தனியாக உட்காரவைப்பார்கள். மாமா சின்னமனூரில் எங்கள் வீட்டுக்கு ஓலையோடு வந்து இறங்கினார். நான் தலையே நிமிரவில்லை. கேம் ஆடும்போது எந்த மாமாவிடம் ‘கொட்டாவி விடாம பாருங்க மாமா’ என்று அதட்டினேனோ, அதே மாமாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சம். எனக்கு நேர்ந்தது ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும் என்பதே செத்துப்போகலாம் போலிருந்தது. அவருக்கும் அது புரிந்திருக்கவேண்டும். கட்டி முடித்துவிட்டு, ஓலைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே குரல் கொடுத்தார்.

“சீருக்கு ஒனக்கு என்னத்தா வேணும்? மாமன்ட்ட சொல்லு.”

அதுவரைக்கும் என்னை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஓலைக்கு மறைவில் இருந்த தைரியத்தில் சொன்னேன்.

“கேமு, மாமா.”

வெளியே சிரிப்புச் சத்தம். “சரித்தா.”

சீருக்கு என்ன செய்வது என்பதைப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். இத்தனை தட்டு, இன்ன நகை, பட்டு என்ன கலர் வரைக்கும் பேச்சு நடக்கும். அந்தப் பேச்சில் பெண்ணைக் கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மாமா செய்த பிழை அது ஒன்றுதான்.

சடங்கு மண்டபத்தில் நடந்தது. கொட்டுமேளத்தோடு மாமா வீட்டு ஆட்கள் தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் மேடையில், குஷன் வைத்த நாற்காலியில், கழுத்தை அறுக்கும் மாலையோடு, குனிந்த தலையாக இருந்தேன். அப்பாவின் பங்காளி ஒருவர் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு தட்டாகச் சபைக்கு அறிவித்தார்.

“கடமலக்குண்டு தாய்மாமன் சீரு! பட்டுச்சேலை... வளையல்... தோடு ஒரு ஜோடி...” அடுத்த தட்டில் வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் நடுவில் ஓர் அட்டைப்பெட்டி. மனிதர் திகைத்துப்போனார். “இது என்னப்பா, ரேடியோவா?”

மாமா அவர் காதில் சொன்னார்.

“வீடியோ கேமு... ஒண்ணு!”

நான் எழுந்துவிட்டேன். எழுந்ததோடு நிற்கவில்லை, கையைத் தட்டிக் குதித்தும்விட்டேன். மாலை தோளைவிட்டு இறங்கியது. மண்டபத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. வயசுக்கு வந்த பெண் சடங்கு மேடையில் குதித்தாள் என்று பின்னால் ஒரு வருஷம் பேசினார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது மடல் சுடுகிறது. இதை எழுதும்போதும் சுடுகிறது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, முன்வரிசையிலிருந்து எழுந்தார்கள். அத்தைக்கு மைக் தேவையில்லை.

“சங்கிலி எங்கன? சங்கிலி போடுவாகன்னுல்ல பேச்சு. வயசுக்கு வந்த பிள்ளைக்கு வெளாட்டுச் சாமானத் தூக்கிட்டு வந்துருக்காகளே, எங்கிட்டாவது உண்டுமா இது?”

மாமா அப்பாவைப் பார்த்தார். “பிள்ள ஆசப்பட்டுச்சு மாப்ள. சங்கிலி தை மாசம் கண்டிப்பா...”

“ஆசப்பட்டா கடையில வாங்கிக் குடுத்துருக்கலாம்ல மச்சான். சபைக்குக் கொண்டாரணுமா?” அப்பா கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றாததால் மண்டபத்துக்கே கேட்டது.

“நாந்தான்ப்பா கேட்டேன். மாமா கேட்டாக, நான் கேமுன்னு சொன்னேன்.”

அதுவும் கேட்டது. மாமாவைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னேன். இரண்டாவது முறை எழுந்த சிரிப்பு முதலாவதைவிடப் பெரிது. சின்னப்பிள்ளை சொன்னதைக் கேட்டுச் சீர் செய்தவர் என்ற பெயர் அந்த ஒரு நிமிஷத்தில் மாமாவுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அவர் தலை குனிந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு அந்த மேடையில் குனிந்திருக்கவேண்டியது என் தலை.

பந்தியில் இலை போட்டாயிற்று. மாமா வீட்டு ஆட்கள் கை நனைக்காமல் கிளம்பிவிட்டார்கள். அம்மா வாசல் வரைக்கும் “அண்ணே, அண்ணே” என்று ஓடினாள். ஜீப் போய்விட்டது. அந்தப் பொங்கலுக்கு அம்மாவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சேலை வரவில்லை. லீவுக்கு நானும் கடமலைக்குண்டு போகவில்லை.

சீரில் வந்த பொருளைத் திருப்பவும் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. பெட்டி பீரோவின் மேலே ஏறிக்கொண்டது. ஆடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எடுத்துத் தரச்சொல்லிக் கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. ஒருமுறை கேட்டதன் பலனைப் பார்த்தாயிற்று அல்லவா? துணிக்கடையில் ‘எதுனாலும் சரி’ என்று சொல்கிற பழக்கம் அப்போது பிடித்தது. இன்றுவரை விடவில்லை. ஹோட்டலில்கூட நான் என்ன சாப்பிடுவது என்பதை மகள்தான் சொல்கிறாள்.

கல்லூரியில் படிக்கும்போது வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பெட்டி கீழே வந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் திறந்தேன். உள்ளே, பட்டனை அமுக்கி ஆடுகிற கைப்பிடிகள் இரண்டு, பாலிதீன் பிரிக்காமல். ஒன்று எனக்கு. இன்னொன்றை அவர் யாருக்காக வாங்கியிருப்பார் என்று யோசிக்கவேண்டியிருக்கவில்லை. வயரைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை தொட்டதும் பொடிந்து உதிர்ந்தது. ஏலக்காய் மணக்கிறதா என்று மோந்துகூடப் பார்த்தேன், பைத்தியக்காரி. டிவியில் மாட்டினேன். படம் வரவில்லை. கோடு கோடாக ஓடியது.

இப்போது அந்தக் கேசட் கடை இல்லை, செல்போன் கடை இருக்கிறது. குச்சும் இல்லை, மண்டபத்திலேயே தெர்மாகோலில் செய்து வைத்துவிடுகிறார்கள். அதற்கெல்லாம் எனக்கு வருத்தமில்லை, தொலைந்தால் தொலையட்டும்.

என் கல்யாணத்துக்கு மாமா வந்தார். பெரியவர்கள் முன்கூட்டியே பேசிச் சமாதானம் செய்திருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சோப்பு வாசனை. என்ன சங்கிலி, எத்தனை தட்டு, பட்டு என்ன கலர் என்று அப்பாவிடம் கேட்டு, அச்சுப் பிசகாமல் எல்லாம் கொண்டுவந்திருந்தார். அத்தை சங்கிலியைக் கையில் தூக்கிப் பார்த்து, “இது சீரு” என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார். பந்தியில் முதல் வரிசையில் உட்காரவைத்து அப்பாவே பரிமாறினார்.

மேடைக்கு வந்து எனக்குத் திருநீறு பூசிவிட்டார். ஏதாவது கேட்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “நல்லா இரு தாயி” என்று சொல்லிவிட்டு, போட்டோவுக்கு நேராக நின்றார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றையும் தவறவிட்டதில்லை, யாரும் அவரை ஒரு குறை சொன்னதுமில்லை.