அவருடைய இருமல்

கதவைக்கூடத் தட்டாமல் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்துவிட்டாள். கையில் தோசைக் கரண்டி. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஏ அக்கா, இப்ப இருமுனது யாரு?"

"நாந்தான். இங்க வேற யாரு இருக்கா?"

அவள் நம்பவில்லை. அடுப்படி வரைக்கும் எட்டிப் பார்த்தாள். "அண்ணன் இருமுற மாதிரியே இருந்துச்சுக்கா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்றாள். தோசை நினைப்பு வந்ததும் ஓடிவிட்டாள்.

அவள் அண்ணன் என்று சொன்னது என் வீட்டுக்காரரை. அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்குத்தான் நானும் என் இருமலைக் காது கொடுத்துக் கேட்டேன். சின்னதாக இரண்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஒன்று. சளி கிடையாது. அவருடையதேதான், என் வாயிலிருந்து வருகிறது.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். பிரஷர் என்று இரண்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒன்றைப் போட்டால் இன்னொன்றை மறந்துவிடுவார். அதனால் இரண்டு மருந்தும் சேர்ந்தாற்போல ஒரே மாத்திரையாக டாக்டர் மாற்றிக் கொடுத்தார். மனுஷனுக்கு ஏக சந்தோஷம். ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு இருமல் வந்தது. எங்கள் ஊரில் மில்காரன் இருமினால் காரணத்தை யாரும் தேடப் போவதில்லை. பஞ்சு, அவ்வளவுதான். மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் பஞ்சு என்றார்கள், தெருவில் பஞ்சு என்றார்கள், நானும் பஞ்சு என்றேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் வாயில் கருப்பட்டியைத் திணிப்பேன். காலையில் தூதுவளைக் கஷாயம். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். படுத்தால் இருமல், பேசினால் இருமல், சிரித்தால்கூட இருமல். பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

ஒரு மாதிரியாக இருமல் நின்றது. நான் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் என் கஷாயத்தின் பெருமையைச் சொல்லி வந்தேன். அவரும், "ஒன் கஷாயந்தான்ட்டி கேட்டிருக்கு" என்றார். குழம்பு நன்றாக இருந்தால்கூட வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன் அவர். நான் அப்படியே குளிர்ந்து போனேன்.

அப்புறம் ஒருநாள் காலையில் செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர், "பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டாரா?" என்று கேட்டார். நான் சண்டைக்கே போய்விட்டேன். "அவிய ஒரு நாள்கூட விட்டதில்ல சார். என் கண்ணு முன்னாடி தினமும் எடுப்பாவ." அவர் வீடு திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவருடைய மில் பையைத் துவைக்க எடுத்தேன். பக்கவாட்டுப் பையில் ஏதோ நெருடியது. கையை விட்டால் மாத்திரைகள். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தவை, பஞ்சும் நூலும் ஒட்டிக் கிடந்தன. என் கண் முன்னால் எடுத்தார் என்பது உண்மை. விழுங்கவில்லை.

அன்றிலிருந்து நான் அவருடைய படத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் ஒளித்தீர்கள்? சாக வேண்டும் என்று இருந்ததா? என்னோடு வாழ்ந்தது அத்தனை சலித்துவிட்டதா? இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது. பூப்போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு போடுவேன். வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் இந்தக் கேள்வி எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும்.

இந்த வருஷம் எனக்கும் பிரஷர் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை. கொஞ்ச நாளில் இருமல். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் வேலை பார்க்கிறேன். இருமிக்கொண்டே எடை போட்டால் எவன் வாங்குவான்? கடைக்கார அம்மா என்னைப் பின்பக்கம் பெட்டி மடிக்க அனுப்பிவிட்டு, "நீ என்ன மில்லுலயா வேலை பாக்க, இப்படி இருமுற?" என்று கேலி செய்தார்.

சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பெட்டியை மடித்த கை அப்படியே நின்றுவிட்டது. இங்கே பாலும் சீனியும்தான். பஞ்சு எங்கே இருக்கிறது? அவர் தொண்டைக்கும் என் தொண்டைக்கும் பொதுவாக இருப்பது அந்த மாத்திரை ஒன்றுதான்.

மறுநாளே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த இருமல் வேண்டியிருந்தது. விளக்குப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். இருமல் வரும். கண்ணை மூடிக்கொண்டால் அவர் பின்கட்டில் நிற்கிற மாதிரியே இருக்கும். பயமாகவும் இருக்கும், ஆறுதலாகவும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரிதான், "வாயை மூடிக்கிட்டே இருந்து நீயும் போயிராதக்கா" என்று என்னைக் கிளப்பி அனுப்பினாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். உதடு, முகம் வீங்கியதா, மூச்சு முட்டியதா என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். "இதுல இருக்குற ரெண்டு மருந்துல ஒண்ணு சில பேருக்கு இப்படி வறட்டு இருமலக் குடுக்கும்மா. வேற சேர்க்கையா மாத்தித் தாரேன். நீங்களா மட்டும் நிறுத்திராதீங்க. ஒரு மாத்திரைய விட்டா ரெண்டு மருந்தையும் விட்ட மாதிரி. பழசையும் புதுசையும் சேத்துப் போட்டுறவும் கூடாது."

"அந்த மாத்திரைய விட்டா இருமல் நின்னுருமா டாக்டர்?"

"நின்னுரும். கொஞ்ச நாள் பிடிக்கும்."

நான் டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பயந்து அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். என் வீட்டுக்காரர் சாக நினைக்கவில்லை. இருமாமல் கொஞ்ச நேரம் தூங்க நினைத்திருக்கிறார். நின்றது எதனால் என்று அவருக்குத் தெரியும். நான் தெருவெல்லாம் கஷாயப் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது, அதைக் கெடுக்க மனசு வராமல் ஆமாம் போட்டிருக்கிறார். அடப்பாவி மனுஷா, நான் கோபித்துக்கொண்டால்தான் என்ன? டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்களே.

புது மாத்திரை ஆரம்பித்ததும் இருமல் தேய ஆரம்பித்தது. முதலில் அந்த நீள இருமல் போனது. பிறகு சின்னது இரண்டும் போயின. "என்ன கஷாயம் குடிச்சக்கா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

பழைய அட்டையில் மிச்சம் கிடந்தது. அதைப் போட்டால் அவர் மறுபடி வருவார். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நெடுநேரம் நின்றேன். பிறகு கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன்.

இப்போது தினமும் காலையில் புது மாத்திரையை அவர் படத்துக்கு முன்னால் நின்றுதான் விழுங்குகிறேன். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன். "பாத்துக்கோங்க. முழுங்கிட்டேன்." கொஞ்சம் காத்திருக்கிறேன். வீட்டில் யாரும் இருமுவதில்லை.