சஸ்கச்சுவானுக்கு நான் சொன்ன வானிலை

மொன்ட்ரியாலில் எங்கள் ஆட்களுக்கு வானிலை சொல்லுகிறவன் நான்தான். ஒருவரும் நியமிக்கவில்லை, நானே பதவி ஏற்றுக்கொண்டேன். சென்ட் லோரன்ட்டில் நான் பெட்டி அடுக்கிய தொழிற்சாலையில், மத்தியானச் சாப்பாட்டு மேசையில், தொலைக்காட்சி வானிலைக்காரரைப் போலக் கையை வீசி, "நாளைக்கு மைனஸ் இருவது, காதைக் கழட்டி வீட்டிலை வைச்சிட்டு வாங்கோ" என்பேன். சிரிப்பார்கள். நான் சொன்னது சரியா பிழையா என்று பிறகு யாரும் கேட்டதில்லை.

ஒரு வருடம் மே மாதக் கடைசியில் சஸ்கச்சுவானிலிருந்து அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். கூடப்பிறந்தவர் இல்லை. நான் கனடாவுக்கு வந்த புதிதில் மொன்ட்ரியாலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தவர். பனிச் சப்பாத்தை எப்படிக் கட்டுவது என்று குனிந்திருந்து காட்டித் தந்தவர். பிறகு குடும்பத்தோடு சஸ்கச்சுவானில் ஒரு சின்ன ஊருக்குப் போய், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை எடுத்தார். கண்ணுக்கெட்டிய தூரம் புல், அதற்கு மேல் வானம், நடுவில் அண்ணை.

ஜூன் முதல் கிழமையில் மூத்த மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பகுதி டொரன்டோ. கல்யாணம் அண்ணையின் ஊரில். அங்கத்தைய மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். ஓமம் இல்லாமல், உள்ளே விளக்கை மட்டும் வைத்துச் சுருக்கமாகச் செய்யலாம் என்று ஐயர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் தாயும் சம்மதம். அண்ணைக்குத்தான் மனம் கேட்கவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் கூடாரம் போட்டு, மகளுக்கு முறையாக ஓமம் வளர்க்க ஆசை.

"தம்பி, நீ ஒருக்கா கொம்பியூட்டரிலை பாத்துச் சொல்லு. சரிவராது எண்டால் உள்ளுக்கை வைக்கிறன்" என்றார்.

அப்போது எங்கள் வீட்டில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வரும். பேச்சை முடித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பார்த்தேன். பார்க்காமல் சொன்னேன் என்று எழுத முடிந்தால் எனக்குக் கொஞ்சமாவது மானம் மிஞ்சியிருக்கும். அந்தப் புல்வெளி மாகாணங்களுக்கான கோடைத் தொடக்க முன்னறிவிப்பு ஒரு பக்க நீளத்துக்கு இருந்தது. மழை வழமையை விடக் குறைவு. வெயில் அளவோடு. மூன்றாவது பந்தி காற்று. வெட்டவெளிகளில் பலமாக வீசும், மத்தியானத்தை அண்டி இன்னும் பலக்கும் என்று போட்டிருந்தது. அதையும் வாசித்தேன்.

திரும்பக் கூப்பிட்டபோது மனைவி சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு மனைவியைச் சிரிக்க வைப்பது லேசான வேலை இல்லை. குரலை உயர்த்தினேன்.

"வணக்கம், சஸ்கச்சுவான் வானிலை. மழை இல்லை. வெயில் பதமா இருக்கும். ஐயரின்ரை குடுமியும் நனையாது."

அண்ணை சிரித்தார். "காத்து என்ன மாதிரி? இஞ்சை எப்பவும் ஒரே காத்தடா."

"காத்தோ? நீங்கள் ஃபேன் பிடிக்கத் தேவையில்லை அண்ணை. பட்டுச்சீலை கட்டின சனம் உங்களைக் கையெடுத்துக் கும்பிடும்."

சமையலறையில் மனைவி சிரித்துவிட்டாள். எனக்கு அது போதும்.

"அப்ப வெளியில வைக்கட்டோ?"

"வையுங்கோ அண்ணை. கொம்பியூட்டரே சொல்லுது."

நாலு வருடமாக அந்தக் காற்றுக்குள் குனிந்து நடந்து வேலைக்குப் போன மனுசன், எங்கேயோ இருந்த என்னை நம்பினார்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை. முடிந்த பிறகு தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "எல்லாம் நல்லா நடந்தது" என்று மட்டும் சொன்னார். வானிலைக்கு ஒரு பாராட்டு வரும் என்று நான் கொஞ்ச நேரம் காத்திருந்ததையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

செப்டம்பரில் வீடியோ வந்தது. அண்ணையைத் தெரிந்த இரண்டு குடும்பங்களைக் கூப்பிட்டோம். மனைவி வடை சுட்டாள். வர்ணனை வழமை போல நான்.

தொடக்கத்திலேயே வாசல் வாழை இரண்டும் படுத்துக் கிடந்தன. "வாழைக்குக் களைச்சுப் போச்சு" என்றேன். கூடாரம் பட்டம் போல எழும்ப, வேட்டி கட்டிய நாலு பேர் கயிற்றில் தொங்கினார்கள். "தேர் இழுக்கினம், அரோகரா!" ஐயரின் சால்வை பறந்து வந்து கமராவை மூடியது. சிரித்த சிரிப்பில் ஒருவருக்குத் தேநீர் புரைக்கேறியது.

பிறகு ஓமப்புகை முழுவதும் பெண்ணின் முகத்தில் அடித்தது. பிள்ளை கண்ணைத் திறக்க முடியாமல் இருந்தாள். தாலியை எடுக்கிற நேரம் இரண்டு குத்துவிளக்கும் ஒன்றாக நூந்து அணைந்தன. கமரா மாப்பிள்ளையின் தாயைக் காட்டியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாலி கட்டி முடிந்ததும் அண்ணை மைக்கை எடுத்தார். வேட்டி காலில் படபடவென்று அடித்தது.

"எல்லாரும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வெளியில வைப்பம் எண்டது என்ரை முடிவு. பிழை என்னிலைதான். தயவுசெய்து இதைப் பிள்ளையின்ரை சகுனமா எடுக்காதேங்கோ."

வடை என் வாய்க்குள் அப்படியே நின்றது.

"இந்த மனுசனுக்கு விசரோ?" என்றார் வந்திருந்தவர்களில் ஒருவர். "வெட்டவெளியில ஆராவது ஓமம் வளப்பினமோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடமிருந்து ஒரு பகிடியை எதிர்பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது.

"இறைச்சி வெட்டி வெட்டி அண்ணைக்கு மூளை விறைச்சுப் போச்சு" என்றேன்.

சிரித்தார்கள். மனைவி மட்டும் எழும்பி, வடைத் தட்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். எல்லோரும் போன பிறகு, "அண்ணைக்கு எடுத்துச் சொல்லுங்கோ" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் எடுக்கவில்லை. என் பகிடி ஒன்றுக்கும் சிரிக்கவும் இல்லை.

நான் அண்ணைக்குத் தொலைபேசி எடுக்க இரண்டு கிழமை ஆனது.

"அண்ணை, காத்தைப் பற்றி அதிலை போட்டிருந்தது. நான் வாசிச்சனான். உங்களுக்குச் சொல்லேல்லை."

"விடடா. உன்ரை பேரை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார். என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு குரலைத் தணித்து, "பிள்ளைதான் பாவம். வீட்டிலை ஆருக்கும் ஒரு காய்ச்சல் எண்டாலும், மாமிக்காரி விளக்கு நூந்த கதையை எடுக்கிறாவாம்" என்றார்.

"அவவின்ரை நம்பரைத் தாங்கோ அண்ணை."

"ஏன்? அவவோடையும் பகிடி விடவோ?"

ஆனாலும் தந்தார்.

டொரன்டோவில் எடுத்தது அந்தத் தாயேதான். "நீங்கள் ஆர்?"

"மொன்ட்ரியாலிலை இருந்து கதைக்கிறன் அக்கா. உங்கடை மகன்ரை கல்யாணத்துக்கு வானிலை பாத்துச் சொன்ன ஆள்."

அந்த முன்னறிவிப்பில் இருந்ததையும், அண்ணைக்கு நான் சொன்னதையும், பிறகு வீடியோவில் கண்டதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். ஃபேன் பகிடியையும் சொன்னேன். அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை.

"விளக்கு நூந்தது காத்தாலை. காத்து வரும் எண்டு எனக்கு முதலே தெரியும். பிள்ளையிலையும் தேப்பனிலையும் ஒரு பிழையும் இல்லை அக்கா."

"வீடியோ எப்ப பாத்தனீங்கள்?"

"ரெண்டு கிழமைக்கு முதல்."

"இந்த ரெண்டு கிழமையும் அந்தப் பிள்ளை என்னட்டைப் பேச்சு வாங்கிக்கொண்டு இருந்தது. நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் வாய் பழக்கத்தில் ஒரு பகிடியைத் தேடியது. கிடைக்கவில்லை.

"ஒண்டும் செய்யேல்லை அக்கா."

தொலைபேசியை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. தூரத்தில் அவர் குரல்: "பிள்ளை, கையைக் கழுவிப்போட்டு இஞ்சை ஒருக்கா வா." அதற்குப் பிறகு அங்கே என்ன கதைத்தார்கள் என்று விளங்கவில்லை. யாரோ வந்து கம்பியைத் துண்டிக்கும் வரை நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.