ஒரு பின்னலுக்கு நிற்கும் நேரம்

கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாவில் என் மதினி ஞானம்மாவின் வீட்டில் கதவைத் தட்டுகிறவள் நான் ஒருத்திதான். பதினொரு வருட டொராண்டோப் பழக்கம். பெற்ற மகளின் அறையானாலும் தட்டிவிட்டு நிற்கிறேன். முதுகில் அறுவைச் சிகிச்சை முடிந்து உள்ளே படுத்திருக்கும் நிரோஷா, "யாரு?" என்கிறாள். மதினி ஈரக்கையோடு நேரே நுழைந்து அவள் போர்வையைச் சரிசெய்கிறாள். "விருந்தாளிதான் தட்டுவாங்க, செல்வி," என்று ஒருநாள் சிரித்தாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். அடுத்த முறையும் நான் தட்டிவிட்டுத்தான் நுழைந்தேன்.

கணவர் இறந்தபின், பத்து வயது நிரோஷாவை அவருடைய அக்காவான இந்த மதினியிடம் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இரண்டு வருடத்தில் அழைத்துக்கொள்வதாகச் சொன்னேன். அவளுக்கு விசா கிடைத்தபோது வயது இருபத்தொன்று. அதே மாதம் முதுகெலும்பின் வட்டு விலகி, அவளால் கால் ஊன்ற முடியாமல் போனது. தொலைபேசியில் செய்தி வந்ததும் விடுப்பு எடுத்து ஓடிவந்தேன்.

டொராண்டோவில் என் வேலையே இதுதான்: அறுவை முடிந்த முதியவர்களின் கட்டிலருகே தாளோடு உட்கார்ந்து, எழுந்ததும் என்ன செய்ய ஆசை என்று கேட்பது. ஒருவர் நாயோடு நடக்க வேண்டும் என்பார். பிள்ளைகள் குறுக்கே பேசினால் நயமாக வெளியே அனுப்பிவிடுவேன். பேராதனை மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சை தரும் சிங்களப் பெண் அதே கேள்வியை நிரோஷாவிடம் கேட்டபோது, நானே முந்திக்கொண்டேன். இருபது மணி நேரம் விமானத்தில் உட்கார வேண்டும் என்றேன். அந்தப் பெண் மதினியின் பக்கம் திரும்பி, அம்மா என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். மதினி அவசரமாக என்னைக் காட்டினாள்.

"அத்தைக்குத் தல பின்னிவிடணும்," என்றாள் நிரோஷா. "நின்னுகிட்டு."

தேயிலைக் கொழுந்து பறித்தே மதினியின் தோள் இறுகிவிட்டது. கை தலைவரை எழும்பாது. பள்ளிக்கூட நாளிலிருந்து தினமும் பின்னிவிடுவது என் மகள்தானாம். வாரம் தவறாமல் பேசியும் இது எனக்குத் தெரியாது. பிள்ளையை ஊரில் விட்டுப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

"அப்ப கனடா?" என்றேன்.

"மொதல்ல நிக்கிறேனேம்மா."

குனியாமல், பத்து நிமிடம் நிற்பது என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

அறுவை முடிந்து இன்று ஐந்தாவது வாரம். உயரமான கதிரையில் உட்கார்ந்து மதினி, அவளுக்குப் பின்னால் நிரோஷா, நிரோஷாவுக்குப் பின்னால் நான். தொடக் கூடாது, விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் கைகள் இருக்க வேண்டும். எத்தனையோ அந்நியர்களுக்குப் பின்னால் இப்படி நின்றிருக்கிறேன். நரைத்த கூந்தலை மூன்றாகப் பிரித்து அவள் பின்னத் தொடங்கினாள். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு முறை அவள் தள்ளாட மாட்டாளா என்று நினைத்தேன். தாய் நினைக்கக் கூடாததுதான்.

அவள் தள்ளாடவில்லை. அவள் இடுப்பின் இரு பக்கமும், என் கைகள் காற்றைப் பிடித்தபடி நின்றன.