நீங்க என்ன சமூகம்?

போன வாரம் எங்கள் வீட்டுக்காரர் காலேஜில் சேருவதற்காக மெட்ராஸுக்கு இன்டர்வியூ போனார். துணைக்கு நான். அவருக்கு வயது நாற்பத்தைந்து. சிரிக்காதீர்கள்... நானும் சிரித்து முடித்துவிட்டுத்தான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

என்ன படிப்பு என்கிறீர்களா? அதைத்தான் நானும் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்ட மேற்படிப்பாம். ஆனால் பட்டம் வேண்டாமாம். ஊர் ஜனங்களோடு சேர்ந்து பல வருஷம் வேலை செய்த கலைஞர்களுக்கு மட்டும்தானாம். ஏற்கெனவே தெரிந்ததை எதற்குப் போய்ப் படிப்பது?

"தெரிஞ்சதைத்தாம்மா படிக்கணும். தெரியாததை எப்படி படிக்கறது?" என்றார் அவர். எனக்கு முன்னைவிடக் குழப்பமாகிவிட்டது.

புதிய வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் சுவரில் படம் வரைகிறவர். காஞ்சிபுரத்தைச் சுற்றி எந்த ஊரிலாவது அம்மை குத்திக்கொள்ளச் சொல்லியோ, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லியோ சுவரில் படம் பார்த்திருந்தால், அது அநேகமாக அவர் கைதான். ஆனால் சொன்னதை வரைந்தோம், கூலியை வாங்கினோம் என்று வருகிற ஆள் இல்லை. தெருவில் போய் உட்கார்ந்துகொண்டு, "உங்களுக்கு இன்னா வோணும்?" என்று கேட்பார். அப்புறம் அவர்கள் கையிலேயே பிரஷ்ஷைக் கொடுத்துவிடுவார்.

ஐயம்பேட்டையில் அப்படித்தான் ஆனது. கால்வாய் இல்லாமல் சாயத் தண்ணீர் தெருவிலேயே தேங்கி நின்றது. பஞ்சாயத்து ஆபீஸுக்கு எதிர்ச் சுவரில் ஊரையே வரையலாம் என்றார் இவர். அவரவர் வீட்டுக் கதவை அவரவரே வரைய வேண்டும். கால்வாய் வரவேண்டிய இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிட வேண்டும். காலனி ஜனங்களும் வந்து தங்கள் கதவுகளை வரைந்தார்கள். வந்தது வினை.

தறி முதலாளி ஒருவர் வந்து நின்றார். "அந்தப் பிரஷ்ஷை எந்த சமூகத்துக்காரன் புடிச்சிக்கினு இருக்கான்?" என்று கேட்டார்.

இவர் ஏணியிலிருந்து இறங்கினார். "அதைக் கேட்டீங்கன்னா படத்தை அழிச்சிட்டுப் போய்க்கினே இருப்பேன்" என்றார். படம் முடிந்தது. எதிரே தினமும் அந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், பஞ்சாயத்தில் கால்வாயும் வெட்டினார்கள். அந்தக் கேள்வி மட்டும் இவருக்கு இன்றுவரை ஆறவில்லை.

இந்த சீட் கிடைக்காவிட்டால்தான் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "இத்தினி வருஷமா நான் செய்யறதுக்குப் பேரு இன்னான்னே தெரியாம செஞ்சிக்கினு இருக்கேன். சாவறதுக்குள்ள யாராவது சொன்னா தேவலாம்" என்றார். ஹாஸ்டலில் இருட்டின பிறகுதானே சோறு போடுவார்கள், பொழுது சாய்ந்தால் சாப்பாட்டைத் தொடாத சமண நயினார் வீட்டு மனிதர் என்ன செய்வார் என்ற கவலையைக்கூட வெளியே சொல்லவில்லை.

இன்டர்வியூ அறைக்குள் போனவர், நான் வராந்தா பெஞ்சில் சரியாக உட்காருவதற்குள் வெளியே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "வா, போலாம்."

"என்னங்க ஆச்சு?"

"பஸ்ல சொல்றேன்."

சொன்னார். உள்ளே மூன்று பேர். நடுவில் ஒரு பேராசிரியை அம்மாள். எடுத்த எடுப்பில், "நீங்கள் எந்தச் சமூகத்துடன் வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

"அதெல்லாம் நான் கேக்கறதில்லைங்க."

"இவ்வளவு வருஷம் வேலை செய்திருக்கிறீர்களே, எந்தச் சமூகம் என்று தெரியாதா?"

"தெரிஞ்சிக்க வாணாம்னுதான் இருக்கறேன்."

"சமூகம்தானே இந்தப் படிப்புக்கே அடிப்படை?"

"அப்ப இந்தப் படிப்பே எனக்கு வாணாம்" என்று எழுந்து வந்துவிட்டார்.

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், ஜாதி என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, "நீங்க என்ன சமூகம்?" என்பார்களே... அதைப் போய் ஒரு காலேஜில் கேட்பதா? சும்மா விடக்கூடாது, இந்தப் பத்தியில் எழுதிக் கிழித்துவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனதுக்குள் முதல் வாக்கியத்தை ஆரம்பித்தேன்.

'இன்றைய சமூகத்தில்...'

அங்கேயே நின்றுவிட்டது.

வாரா வாரம் 'நம் சமூகம்' 'நம் சமூகம்' என்று எழுதித் தள்ளுகிறேனே, நீங்களெல்லாம் நான் எந்த ஜாதியைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களோ?

"ஏங்க... அவங்க ஜாதியைக் கேக்கலைங்க. எந்த ஜனங்களோட வேலை செய்யறீங்கன்னு கேட்டிருக்காங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"டிக்கெட் காஞ்சிபுரத்துக்கில்ல சார் வாங்கினீங்க?" என்று கண்டக்டர் கேட்கக் கேட்க, பூந்தமல்லியில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போனோம். வழியெல்லாம் அவர் கையைப் பிசைந்துகொண்டே வந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

நல்லவேளை, அந்த மூன்று பேரும் இன்னும் கிளம்பவில்லை. இந்தத் தடவை நானும் கூடவே உள்ளே போனேன். "தப்பா எடுத்துக்கினேன்மா" என்றார் இவர். அந்த அம்மாள், "நாங்களும்தான் தப்பாக எடுத்துக்கொண்டோம். கூட வேலை செய்கிற ஜனங்களையே தெரிந்துகொள்ள வேண்டாம் என்கிறாரே, என்ன கலைஞர் இவர் என்று பேசிக்கொண்டிருந்தோம்" என்றார். அப்புறம் ஐயம்பேட்டைக் கதையை முழுக்கக் கேட்டார்கள். ஆபீஸில் போய்ப் பெயரைக் கொடுக்கச் சொன்னார்கள். சீட் கிடைத்துவிட்டது.

ஆபீஸ் ஜன்னலில் ஒரு கிளார்க். பெயர் கேட்டார். வயது கேட்டார், ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். ஊர் கேட்டார்.

"சமூகம்?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். இனிமேல் ஏமாறுவாரா? "ஐயம்பேட்டை ஜனங்களோடங்க. தறி போடறவங்க, சாயம் போடறவங்க, காலனியில இருக்கறவங்க, அல்லாரும்..." என்று ஆரம்பித்தார்.

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். "ஜாதியைச் சொல்லுங்க சார். அது இல்லாம அட்மிஷன் போட முடியாது."

போச்சு என்று நினைத்தேன். மறுபடி எழுந்து நடக்கப் போகிறார் என்று பையைக்கூடத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் அந்த ஜன்னல் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் காதில் விழாத குரலில், சொன்னார். கிளார்க் எழுதிக்கொண்டார்.

வீடு வந்து சேரும்வரை அவரைப் பாராட்டுவதா, சண்டை போடுவதா, ஒன்றும் புரியவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு மதியம் கோபித்துக்கொண்டு எழுந்து வந்த மனிதர், கேட்ட கேள்விக்குச் சாயங்காலம் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

என்ன சமூகமோ, போங்கள்.