ப்ரூனோவும் ஒரு ஊறுகாய் ஜாடியும்

நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் தெருவில் என் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் தெருவிலுள்ள எல்லா நாய்களின் பெயரும் எல்லாருக்கும் தெரியும். காலையில் எதிரே வருகிறவர்கள் முதலில் குனிந்து நாயிடம் நலம் விசாரிப்பார்கள். ராத்திரி தூங்கினாயா, கால் வலி தேவலையா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்து, நாயைப் பிடித்திருப்பவரைப் பார்ப்பார்கள். நாயில்லாமல் நடக்கிற எனக்கு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். வந்த புதிதில் இது எனக்கு ஆத்திரமாக இருந்தது. விருத்தாசலத்தில் பாலக்கரையிலிருந்து பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் எங்கே போறே, எப்ப வந்தே என்று பத்துப் பேருக்காவது பதில் சொல்லியாக வேண்டும். நாயை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த வித்தியாசம்தான் பின்னால் என் வியாபாரத்துக்கு அஸ்திவாரமாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கணவரின் வேலைக்காக வந்தவள் நான். மகள் பள்ளிக்குப் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், சொந்தமாக ஏதாவது தொழில் செய்வது என்று முடிவெடுத்தேன். ஊர் நூலகத்தில் சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு இலவச வகுப்பு நடந்தது. விருத்தாசலத்திலிருந்து பீங்கான் ஊறுகாய் ஜாடி வரவழைத்து விற்கப்போகிறேன் என்றேன். வகுப்பெடுத்த அம்மாள், "உன் டூல்க்ரூப் யார்?" என்று கேட்டார். யாரைக் குறிவைத்து விற்கிறாய் என்று அர்த்தம். ஊறுகாய் போடுகிறவர்கள் என்றேன். "இந்த ஊரில் ஊறுகாய் போடுகிறவர் யாரையாவது உனக்குத் தெரியுமா?" என்றார். என்னைத் தெரியும் என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

என் அண்ணனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஊரில் அவர் ஒரு சிறிய செராமிக் யூனிட் வைத்திருக்கிறார். கார்த்திகைக்கு முன்னால் அகல்விளக்கு, நவராத்திரிக்கு முன்னால் பொம்மை, மற்ற மாதங்களில் மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக ஊறுகாய் ஜாடி. யார் வாங்குவார்கள் என்றால் "வாங்கறவங்க வாங்குவாங்க" என்பார். அப்படித்தான் வாங்கிக்கொண்டும் இருந்தார்கள், பிளாஸ்டிக் டப்பா வரும்வரை. அதன் பிறகு ஜாடிகள் தூசி படிந்து கிடந்தன, அண்ணன் சூளையை மாதக்கணக்கில் பற்றவைக்காமலும் இருந்தார். ஆகவே என் தொழில் எனக்கு மட்டுமான தொழில் இல்லை. இது படுத்தால் அவரும் படுத்துவிடுவார் என்ற பயம் எனக்குள் எப்போதும் இருந்தது.

சனிக்கிழமைச் சந்தையில் கடை போட்டேன். சாப்பாட்டுப் பாத்திரம் என்பதால் பரிசோதனைச் சான்றிதழ் கேட்டார்கள். அலையாய் அலைந்து அதையும் வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஹென்க் என்று ஒரு பெரியவர் வந்து, ஒரு ஜாடியைத் தூக்கிப் பார்த்து, "ஃபோர் அஸ்?" என்று கேட்டார். டச்சு மொழியில் அதற்குச் 'சாம்பலுக்கா?' என்று பொருள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று என் காதில் விழுந்தது ஆங்கிலம். 'நமக்கா?' என்று கேட்கிறார் என நினைத்து, நானும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"ஆமாம், நமக்குத்தான். மொத்தக் குடும்பத்துக்கும்."

"மொத்தக் குடும்பமும் இதற்குள்ளேயா?"

"எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இதில்தான்."

அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். "எவ்வளவு காலம் இருக்கும்?"

"உப்பு சரியாகப் போட்டால் வருஷக்கணக்கில் கெடாது. ஈரக்கை மட்டும் படக்கூடாது."

"உப்பா?"

"உப்பு, நல்லெண்ணெய், மிளகாய்த்தூள். தினமும் கொஞ்சம் எடுத்துத் தயிர்சாதத்தோடு சாப்பிடுவோம்."

ஹென்க் ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். பிற நாட்டவர் வழக்கங்களை மதிக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கப்பட்ட முகத்தோடு சிறிது நேரம் நின்றார். பிறகு ஒரு ஜாடியை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவர் சொன்னதாகச் சிலர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் இன்னும் சிலர். எல்லாரும் மெல்லிய குரலில் பேசி, என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். ஊறுகாய்க்கு இவ்வளவு மரியாதை தரும் ஜனங்களா என்று எனக்குப் புல்லரித்துப் போயிற்று. அண்ணனிடம் சொன்னேன். அவர் சூளையைப் பற்றவைத்தார்.

சில வாரங்கள் கழித்து ஹென்க் மனைவியோடு வந்தார். "ப்ரூனோவுக்கு ஜாடி ரொம்ப வசதியாக இருக்கிறது" என்றார். ப்ரூனோ அவருடைய நாய் என்று பேச்சில் புரிந்தது. எனக்குக் கவலையாகிவிட்டது. "நாய்க்கு ஊறுகாய் கொடுக்காதீர்கள், எரியும்" என்றேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏற்கெனவே எரித்தாகிவிட்டது" என்றார். ஹென்க் செல்போனில் படம் காட்டினார். அலமாரியில் எங்கள் ஜாடி. ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, மறுபக்கம் கழுத்துப்பட்டை, நடுவில் நாக்கைத் தொங்கப்போட்ட ப்ரூனோவின் போட்டோ.

ஊரில் இருக்கிற உங்களுக்கு என் நிலைமை புரியும். மணிமுத்தாற்றில் அஸ்தியைக் கரைத்தால் காசியில் கரைத்த மாதிரி என்று திட்டக்குடி, கருவேப்பிலங்குறிச்சி என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் மண்கலயத்தை ஏந்திக்கொண்டு வருகிற ஊர் நம்முடையது. எலும்பு கூழாங்கல்லாகிவிடும் என்பார்கள். எங்கள் அப்பாவையும் அங்கேதான் கரைத்தோம். அண்ணன் கலயத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறினார். அஸ்தி வீட்டு வாசல்படி ஏறக்கூடாது. அதே அண்ணன் இப்போது அஸ்தியை அலமாரியில் வைக்க ஜாடி சுட்டுக்கொண்டிருக்கிறார், அதுவும் நாய்க்கு. தெரிந்தால் சூளையை அணைத்துவிட்டு என்னோடு பேச்சையும் நிறுத்திவிடுவார் என்று நடுங்கினேன்.

வகுப்பு அம்மாளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். என் டூல்க்ரூப் கிடைத்துவிட்டதாம். சாம்பலுக்குச் சான்றிதழும் தேவையில்லையாம். ஜாடியில் பெயர் பொறித்துக் கொடு, விலையைக் கூட்டு, மலிவாக இருந்தால் அதில் யாரும் ப்ரூனோவை வைக்க மாட்டார்கள் என்றார். நான் பெயர்களை மட்டும் அண்ணனுக்கு அனுப்பினேன். லூனா, மேக்ஸ், சார்ட்யா. எல்லாம் வாடிக்கையாளர்கள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

"மேக்ஸு எந்தூரு ஆளு பாப்பா?" என்று கேட்டார்.

"பக்கத்துத் தெருதாண்ணா."

"நல்ல மாதிரியா?"

"ரொம்ப சாது."

அந்த உற்சாகத்தில் யூனிட் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். 'வெளிநாட்டவரும் விரும்பும் விருத்தாசலம் ஊறுகாய் ஜாடி' என்று போட்டு, ஓரத்தில் கைகூப்பியபடி நான். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அடுத்து அவர் அனுப்பிய மாதிரி ஜாடியின் படத்தைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஜாடியின் வயிற்றில் 'லூனா' என்று அழகாகப் பொறித்து, அதன் கீழே டச்சில் 'ஈட் ஸ்மாகலிக்' என்று எழுதியிருந்தார். நன்றாக ரசித்துச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். செல்போனில் அவரே தேடிக் கண்டுபிடித்தாராம். "எப்பிடி நம்ம மார்க்கெட்டிங்கு?" என்று ஒரு வரியும் அனுப்பியிருந்தார்.

இனிமேலும் மறைக்க வழியில்லை. போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் யாரோ ஜாடிகளை அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாய்க்கா?" என்றார் கடைசியில்.

"நாய்க்குதாண்ணா. பூனையும் இருக்குது."

"அந்த மேக்ஸு?"

"நாய்."

"சாதுன்னு சொன்ன?"

"சாதுதாண்ணா. யாரையும் கடிச்சதில்லியாம்."

"ஏன், ஆத்துல வுட மாட்டாங்களா? அங்க ஆறு இல்லியா?"

"ஊரு பூரா தண்ணிதாண்ணா. அனுப்பிவுட மனசு வரல போலருக்குது."

அண்ணியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் போன் வரவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். சமைக்கவும் பிடிக்கவில்லை, சந்தைக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். அண்ணி சம்மதித்துவிட்டார், ஆனால் இந்த ஜாடிகளை அகல்விளக்கோடு சேர்த்துச் சுடக்கூடாது, தனியாகத்தான் சூளையில் ஏற்ற வேண்டும் என்றார். ஃப்ளெக்ஸில் 'ஊறுகாய்' என்ற சொல்லின் மேல் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டியாயிற்றாம்.

"அப்புறம், மூடிய கொஞ்சம் லூசா வுட்ருக்கேன் பாப்பா. இறுக்கமா இருந்தா பாவம், மூச்சு முட்டும்."

"செத்துப்போச்சுண்ணா."

"தெரியுது. இருந்தாலும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. நீ அங்கயே இருந்துட்டீன்னா, நாளைக்கி உன்ன..."

"எனக்கு நம்ம ஆறுதாண்ணா" என்றேன் அவசரமாக.

"யாரு கொண்டாருவா?"

என் மகள் பக்கத்து அறையில் தோழியோடு டச்சில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு வந்தால் வெயில் தாங்காமல் ஃபேனுக்கு அடியிலேயே கிடப்பவள். ஆற்றை அவள் பார்த்தது பாலத்தின் மேல் போன பஸ்ஸிலிருந்துதான். சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பெட்டிகள் வந்து சேர்ந்தன. வைக்கோலை விலக்கி ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் பார்த்து வரிசையாக வைத்தோம். அடியில் கணக்கில் வராத ஜாடி ஒன்று இருந்தது. மற்றவற்றைவிடப் பெரியது, பெயர் இல்லை. இது யாருக்கு, பெயர் எழுத மறந்துவிட்டார்களா என்று மகள் கேட்டாள். அண்ணனைக் கேட்டேன். "அது ஊறுகாக்கு பாப்பா. உனக்குதான், சும்மா வெச்சேன்" என்றார். அவர் குரல் சரியாக இல்லை. மறுநாள் மாங்காய் வாங்கிவந்து நறுக்கி, உப்பும் காரமும் சேர்த்துப் பிசைந்தேன். ஜாடியைக் கழுவித் துடைத்து, ஈரம் போகக் காயவைத்தேன். ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவில்தான் போட்டேன்.