ஏறுகிறவர் சட்டைப்பையில் ஒரு சாவி

பசறை டவுனில் ஒரு கடையின் கூரையில் சோலார் தகடுகளைப் பொருத்திக்கொண்டிருந்தேன். பதுளையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் நஸீர் நானா போனில் கூப்பிட்டார். "நம்ம இந்திராணி மிஸ் போயிட்டாங்களாம்" என்றார். கீழே இறங்கி, முதலில் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டேன். பிறகுதான் கடைப்படியில் உட்கார்ந்து அழுதேன். வரிசையை மாற்றிச் செய்திருந்தால் மிஸ் திட்டியிருப்பார்.

கரண்ட் வேலை செய்யும் உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். கடையோ ஹோட்டலோ ஃபெக்டரியோ, கூரையில் எடுக்கும் கரண்டைக் கட்டிடத்தின் கரண்டோடு இணைக்குமுன் சோதனை அதிகாரியான அவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடும்வரை அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "உங்க தேத்தண்ணியக் குடிச்சிட்டு உங்களையே எப்படிங்க திட்டுறது?" என்பார். ஒரே தடவையில் கையெழுத்துப் போடாததால் அவருக்கு நாங்கள் 'திரும்ப வாங்க மிஸ்' என்று பேர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும்.

தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரி என் முதல் பெரிய வேலை. அது சரியாக அமைந்தால் ஊவா மாகாணம் முழுக்கப் பேர் கிடைக்கும். கெட்டால் பழையபடி வீடு வீடாகப் போய் ஃபேன் மாட்ட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை பூஜை போட்டு ஆரம்பிப்பதாகத் தோட்டத்துத் தொரை கொழும்பு வரைக்கும் ஆள் அழைத்திருந்தார். மிஸ் வந்தது புதன்கிழமை காலையில்.

கம்பி, எர்த், பிரேக்கர் எல்லாம் பார்த்தார். எல்லாம் சரி. நான் மனதுக்குள் மாலை போட்டுக்கொண்டேன். வெளியில் வந்து நின்று, "வெட்டு சுவிட்ச் எங்கங்க?" என்று கேட்டார். கூரைக் கரண்டை மொத்தமாகத் துண்டிக்கும் சுவிட்ச் அது. வெளியே வைத்தால் மழை நனைக்கும், ஆள் தொடும் என்று மின்சார போர்ட் அறைக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். எங்கள் ஃபெக்டரிகளில் போர்ட் அறை எப்போதும் பூட்டித்தான் இருக்கும். காலையில் மிஸ் கம்பிகளைப் பார்த்து முடித்ததும், ஃபெக்டரிப் பொறுப்பிலிருக்கும் டீமேக்கர் வழக்கம்போல அதைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

"தெறக்கச் சொல்லுங்க, அண்ணே."

டீமேக்கர் தோட்டத்தின் மேல் டிவிஷனில் கொழுந்து பார்க்கப் போயிருந்தார். போனுக்கு சிக்னல் இல்லை. ஆள் அனுப்பினோம். மிஸ் வாசலில் ஒரு கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"மிஸ், தெருவுல கரண்ட் போனா நம்ம சோலார் மெஷின் தானா நின்னுருமுங்க. அப்புறம் எதுக்குங்க இந்த சுவிட்சுக்கு இவ்வளவு?"

"நிக்கும். நிக்காட்டி?"

டீமேக்கர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்பது நிமிஷம், அண்ணே. தெருவுல கரண்ட் இல்லன்னு நம்பி ஒருத்தரு கரண்ட் போஸ்ட்ல ஏறிட்டாரு. உங்க மெஷின் நிக்கல. இங்கேருந்து கரண்டு அவரு புடிக்கிற கம்பிக்குப் போகுது. வெட்டி விடுறதுக்கு நாம சாவி தேடிக்கிட்டு இருக்கோம்."

அன்று அவர் கையெழுத்துப் போடவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அந்த நாற்பது நிமிடமும் நான் கூரையை மட்டுமே நினைத்தேன், போஸ்டில் ஏறுகிறவரை நினைக்கவில்லை என்பது உறைத்தது. வியாழன் முழுக்க நின்று சுவிட்சை வெளிச்சுவரில், மீட்டருக்குப் பக்கத்தில், மழை புகாத பெட்டியில் வைத்தேன். வெள்ளி காலை பூஜைக்கு முன்னால் மிஸ் வந்தார். சுவிட்சை வெட்டி, ஒரு சின்னச் சிவப்புப் பூட்டை அதில் மாட்டி இழுத்துப் பார்த்தார். "பூட்டு இங்க இருக்கட்டும். சாவி போஸ்ட்ல ஏறுறவரு பையில இருக்கணும். அவரு எறங்கி வந்து தெறக்கிற வரைக்கும் தொரையே வந்தாலும் சுவிட்சப் போடக்கூடாது" என்றார். கையெழுத்துப் போட்டார். பிறகு இரண்டு கப் தேத்தண்ணீர் குடித்தார். "சாயம் நல்லாருக்கு" என்று டீமேக்கரிடம் சொன்னார். அந்த ஆள் இன்றைக்கும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்.

சாவு வீட்டில் அவருடைய கணவரை முதல் முறையாகப் பார்த்தேன். நான் யார் என்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஃபெக்டரி லைனுக்கு நான்தாங்க ஏறுறது. லைன்மேன். ஒவ்வொரு தடவையும் உங்க சுவிட்சைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் ஏறுவேன்."

இத்தனை வருடத்தில் மிஸ் இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் புருஷனுக்காகக் கேட்கிறார் என்று நினைத்திருப்பேன். ஏறுகிறவர் எவரானாலும் அவர் அன்று அதே கூடையில்தான் உட்கார்ந்திருப்பார்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு கூரைக்கும் நஸீர் நானா கடையில் ஒரு சிவப்புப் பூட்டு வாங்குகிறேன். மிஸ்ஸிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பழக்கம்தான். அதோடு, சாவு வீட்டில் என் கையைப் பிடித்த அவர் கணவரின் கைகளின் சூடும் என்னிடம் இருக்கிறது.