தாளை அழுத்திய விரல்கள்

ஓவிய சிகிச்சை படிக்கும் மாணவியாக எனக்குக் கிடைத்த முதல் களப்பயிற்சி, கிள்ளான் நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்தில். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து கிடப்பவர்களுக்குத் தாளும் வண்ணமும் கொடுத்து மனசை லேசாக்க வேண்டும். எனக்கோ அந்தக் கதவைத் திறக்கவே பயம். மூன்று வாரமாகியும் ஒருவர்கூடக் கிரேயானைத் தொடவில்லை. எல்லோரும் போர்வைக்குள் சுருண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை தலைமைத் தாதி கூப்பிட்டார். "இன்னிக்கும் யாரும் வரையலன்னா வேற எடம் பாத்துக்கோம்மா. எங்களுக்கே நடக்க எடமில்ல லா."

வேறு இடத்துக்கு நான் எங்கே போவேன்? இந்த ஒரு இடத்துக்கே எத்தனை பேரிடம் கெஞ்சியிருந்தேன். பயிற்சி முடியாமல் பட்டமும் கிடையாது.

மூலை நாற்காலியில் ஓர் அக்கா. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். தாளை நீட்டினேன். "வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதைப் பாடத்தில் 'மன எதிர்ப்பு' என்பார்கள். நானும் அப்படித்தான் அறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன்.

"ஏன்க்கா, வரையறது இஷ்டமில்லையா?" என்று கேட்டேன்.

"இஷ்டமில்லாம என்ன? ஒரு கையில ஊசி. இன்னொரு கையால வரைஞ்சா பேப்பர் வழுக்கிட்டு ஓடுது. யாரு அமுக்கிக்கிறது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அட்டையில் தாளை வைத்து, நாலு விரலை மேலே அழுத்தி, கட்டைவிரலை அடியில் கொடுத்துக்கொண்டேன். பக்கத்து இயந்திரம் திடீரென்று அலற, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா அசரவில்லை. நீலக் கிரேயானை எடுத்து என் விரல்களைச் சுற்றியே கோடு இழுக்கத் தொடங்கினார். கோடு நெளிந்து நெளிந்து போனது.

"ஊசி எனக்குத்தான குத்தியிருக்கு. நீ ஏன் இந்த நடுங்கு நடுங்குற?"

"பயமா இருக்குக்கா." சிகிச்சை கொடுக்க வந்தவள் சொல்லக்கூடாத பதில். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்புச் சத்தம் கேட்டுத் தலைமைத் தாதி வந்தார். தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது, நாலு விரல்தான் இருக்கு?"

"கட்டைவிரல் அட்டைக்கு அடியில இருந்துச்சு," என்றார் அக்கா. "வியாழக்கிழம நான் வர்றப்ப அவளையும் வரச் சொல்லுங்க. அதையும் வரையணும்."